வர்ஜு கை

குவர் பூத்தையல் துணியை உட்புறமாகத் திருப்புவாள் என்று வர்ஜு எதிர்பார்க்கவே இல்லை.

பூவைப் பார்ப்பாள், கண்ணாடிச் சில்லுகளை விரலால் நெருடிப் பார்ப்பாள், நாலு குறை சொல்வாள், டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் வர்ஜு நினைத்திருந்தாள். சம்பந்தியம்மாள் என்றால் குறை சொல்லத்தான் செய்வாள். அதற்காகத்தானே நாத்தனார், ஓரகத்தி எல்லாரையும் ஒட்டக வண்டியில் ஏற்றிக்கொண்டு பீடாசரிலிருந்து வந்திருக்கிறாள்! ஆனால் குவர் பூவின் முகத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, ஒட்டகத்தின் கழுத்துப் பட்டை என்று வர்ஜுவின் மகள் ஜீவியின் சீர் முழுவதும் முற்றத்தில் பரப்பிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள்.

"தைச்ச தேளு நொண்டுது சம்பந்தி. அது வாஸ்தவம். கண்ணாடியும் கோணலாத்தான் இருக்கு. ஆனா உள்ளே ஒரு முடிச்சைக் காணோமே?"

கூட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முக்காட்டுக்குள் களுக்கென்று சிரித்தாள்.

"இது வர்ஜு கை," என்றாள் குவர்.

ஒட்டகமும் ஆடும் மேய்க்கிற அந்த வட்டாரத்து ரபாரி சனங்களிடம் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. எந்தக் கல்யாணத்தில் எந்த நல்ல பாவாடையைக் கண்டாலும் 'வர்ஜு கை மாதிரியில்ல இருக்கு' என்பார்கள். மற்றப் பெண்கள் நூல் முடிகிற இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். வர்ஜு போடமாட்டாள். நுனியைச் சங்கிலித் தையலுக்கு அடியில் நுழைத்து, இழுத்து, ஒளித்துவிடுவாள். அவள் தைத்த துணிக்கு முகமும் முதுகும் ஒரே வழவழப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சீரை அவள் எவ்வளவு பாடுபட்டுக் கெடுத்திருந்தாள்! ஜீவி ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, மகள் தைத்தது போலத் தெரியட்டும் என்று தேளின் வாலை வேண்டுமென்றே திருகினாள். மயிலுக்குக் கழுத்தை ஒடித்தாள். நன்றாகத் தைக்கிற கையைக் கோணலாகத் தைக்க வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒவ்வொரு பூவுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தைத்தாள். முகத்தை எல்லாம் கோணலாக்கியவள் முதுகை மறந்துவிட்டாள். நாற்பது வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு நூலை ஒளித்துக்கொண்டே போயிருக்கிறது.

"பொண்ணு சீரு பொண்ணு கையால வரணும். நம்ம வழக்கம் அது. நான் புதுசா ஒண்ணும் கேக்கல," என்று குவர் பையை மடித்து வைத்தாள். "முதல்லேர்ந்து தைக்கச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவசரமில்லையாம். ஜீவி முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்துத் தாலாட்டுகிற வயதில், ஒரு கோகுலாஷ்டமி அன்று, குவரின் மகன் ரண்மலுக்கு அவளைக் கட்டிவைத்தது. கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் வாழப் போகவில்லை. சீர் முடிந்தால்தான் போகலாம். சீர் எப்போது முடியும்? மாமியார் போதும் என்றால் முடியும். எந்த மாமியார் போதும் என்றிருக்கிறாள்? இவளுக்கு முன்னால் வந்தவள் இரண்டு மூட்டை கொண்டுவந்தால், இவள் மூன்று மூட்டை கொண்டுவர வேண்டும். ஊரில் எந்த வீட்டு முற்றத்தைப் பார்த்தாலும் நரைக்கத் தொடங்கிய ஒரு கல்யாணப் பெண் கண்ணை இடுக்கிக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருப்பாள்.

ஜீவிக்கு ஊசி வராது. சின்ன வயதில் அடித்துப் பார்த்தும் வரவில்லை, கெஞ்சிப் பார்த்தும் வரவில்லை. சாயங்காலம் ஒட்டகங்களை அடைத்துவிட்டு வந்தவள், முற்றத்தில் மடிக்காமல் கிடந்த துணிகளைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"முதல்லேர்ந்து தைக்கணுமாம்."

"ஒட்டகத்துக்குப் பிரசவம் பாக்கச் சொல்லுங்கம்மா, கண்ணைக் கட்டிக்கிட்டுப் பாப்பேன். இந்தத் தேளுக்குக் கொடுக்கு வைக்கத்தான் எனக்கு வரல." சிரிக்கத்தான் பார்த்தாள். கம்பு ரொட்டியைப் பிய்த்து மோரில் போட்டவள் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். "கடா வாங்குற சாக்குல அவரு வந்தாரே, அப்பப் பாத்தேன். காதோரம் நரைச்சிடுச்சும்மா."

வர்ஜு தன் ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் அவள் பீடாசருக்கு நடந்தாள். கெஞ்சத்தான் போனாள், அதில் அவளுக்கு வெட்கமில்லை.

குவரின் வீட்டு முற்றத்தில், சுவரோரமாக, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். குவரின் மகள் பர்மி. ஜீவிக்கு மூத்தவள். அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது, அவளும் போகவில்லை. துணியை மூக்குக்கு ஒட்டினாற்போல் பிடித்திருந்தாள். வர்ஜுவைப் பார்த்ததும் எழுந்து, குனிந்து கும்பிட்டாள். "வாங்க பெரியம்மா. இந்த மயில் சரியா இருக்கா, பாருங்க. அந்த வீட்டுல வர்ஜு கை மாதிரி வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

வர்ஜு என்ன சொல்வாள்? "நல்லா இருக்கும்மா," என்று மட்டும் சொன்னாள்.

குவர் சாசரில் டீயை ஊற்றி நீட்டினாள். வர்ஜு அதை வாங்காமலே ஆரம்பித்தாள். "சம்பந்தி, எம்பொண்ணை அப்படியே கூட்டிக்குங்க. ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் அவ கைக்குப் பழகும். உங்க வீட்டு மந்தை ரெண்டு மடங்காகும்."

"கூட்டிக்கிறேன். அப்புறம் பர்மி மாமியா என்ன சொல்லுவா? 'மருமவளை வெறுங்கையோட எடுத்தவ, மவளையும் வெறுங்கையோட தள்ளிவிடப் பாக்குறா'ன்னு சொல்லமாட்டா? எம்பொண்ணு போற வழியை நானே அடைச்சுக்கவா?"

"அதுக்காக ரெண்டு பொண்ணும் கிழவியாகணுமா?"

குவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மரியாதை பறந்தது. "என்னைக் கேக்குறியா வர்ஜு? ஆரம்பிச்சு வச்சதே நீதானே! நீ தேவ்சி வீட்டுக்கு வந்தப்போ கொண்டாந்த சீரைப் பாக்க ஏழூருச் சனம் வந்துச்சு. எம்மாமியாளும் என்னைக் கூட்டிட்டு வந்தா. அப்ப ரண்மல் வயித்துல இருந்தான். பாத்துட்டு வீட்டுக்கு வந்து, எஞ்சீர் மூட்டையைக் காலால தள்ளி, 'இதெல்லாம் ஒட்டகத்துக்குச் சாக்கு'ன்னா. அன்னையிலேர்ந்து எந்த மாமியாளுக்கும் நீதான் எடைக்கல்லு. நான் எம்மருமவகிட்டக் கேக்குறதும் நீதான், எம்பொண்ணுகிட்ட அவங்க கேக்குறதும் நீதான்."

புகழ்ச்சி என்று இத்தனை காலமும் வர்ஜு காதுகுளிரக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு வார்த்தை, ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் கால்விலங்காக இருந்திருக்கிறது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் அடுத்தவர்கள் தலையிலும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

குவர் ஆறிப்போன டீயைத் தானே குடித்தாள். குரலும் இறங்கிவிட்டது. "ஒருத்தி விட்டா அவ மானம் போவும். ஊரே விட்டா யாரு மானமும் போவாது. நடக்குற காரியமா சொல்லு?"

நடக்காது என்பதற்காகத்தான் குவர் அதைச் சொன்னாள். வர்ஜு அதையே முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள். தன் ஊர் தாம்ரியாவுக்கு வந்து சேருவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

கோகுலாஷ்டமிக்கு எல்லா ஊர் ரபாரிகளும் குலதேவி கோயில் மைதானத்தில் கூடுவார்கள். அந்த வருஷத்துக் கல்யாணங்கள் எல்லாம் அன்றைக்குத்தான். முதல்நாள் சமுதாயப் பெரியவர்கள் சபை. அதுவரைக்கும் வர்ஜு சும்மா இருக்கவில்லை. கிணற்றடி, சாவு வீடு, சந்தை என்று பெண்கள் கூடுகிற இடமெல்லாம் போய்ப் பேசினாள். பெண்ணைப் பெற்றவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையைப் பெற்றவள், "எங்க வீட்டுக்கு வர்றது வந்து சேரட்டும், அப்புறம் நிறுத்துங்க," என்றாள். இரண்டையும் பெற்றவளோ காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு.

புருஷன் தேவ்சிதான் பயந்துபோனான். "நீ சபையில வாயைத் தொறந்தா நான் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

"தலைப்பாகையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்குங்க. போதும்."

"ஆம்பளைங்க சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். எம்பொண்ணு அழுவுறதை விடவா?"

சபையில் ஆண்கள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கறுப்புக் கம்பளி முக்காட்டோடு தள்ளி நின்றார்கள். ஆடு மேய்க்கும் எல்லைத் தகராறு ஒன்று தீர்ந்து, தலைவர் நாக்ஜி பாபா தாடியை நீவிக்கொண்டு "வேற உண்டா?" என்று கேட்டபோது வர்ஜு முன்னால் வந்தாள். கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"உண்டு பாபா. இந்த ஊசிவேலையை நிறுத்தணும். சீருக்குத் தைக்கக் கூடாது, தைச்சுக் கொண்டான்னு கேக்கவும் கூடாது. மீறுற வீட்டுக்குத் தண்டம் போடணும். பொண்ணுங்க வயசு போறதுக்குள்ள வாழப் போகணும்."

ஹமீர் என்கிற ஆள் கைகொட்டிச் சிரித்தான். கல்யாணத்துக்கு நிற்கும் பையன்களின் அப்பன் அவன், வேறெப்படிச் சிரிப்பான்? "விஷயம் தெரியுமா பாபா? இவ பொண்ணுக்கு ஊசி கோக்கத் தெரியாது. பீடாசர்க்காரங்க வந்து திருட்டைப் பிடிச்சுட்டாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேவ்சி தலைப்பாகையை நிஜமாகவே இறக்கிக்கொண்டான்.

வர்ஜு மூட்டையை அவிழ்த்தாள். அவளுடைய கல்யாணப் பாவாடை. நாக்ஜி பாபாவின் முன்னால், மண்ணிலேயே, அதை விரித்துப் போட்டாள். தேளும் மயிலும் கிணறும் தண்ணீர் எடுக்கும் பெண்களும் கண்ணாடிச் சில்லுமாக அது வெயிலை வாங்கி அடித்ததில் முன்வரிசைக் கிழவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆடத் தெரிஞ்சவ சொல்றேன் ஹமீர் அண்ணே. கூடம் கோணல்தான்."

அவள் பாவாடையை விரலால் சுட்டினாள். "இதை நான் ஆசைப்பட்டுத் தைச்சேன். யாரும் கேக்கல. இதைக் காட்டித்தான் இன்னைக்கு எல்லாப் பொண்ணுங்களையும் உக்கார வச்சிருக்கீங்க. பார்வை போகுது, முடி நரைக்குது, கட்டினவன் மந்தையோட தனியாத் திரியிறான். பூ தைக்கிறது தப்பில்ல. பொண்ணை அடகு வச்சுப் பூ வாங்குறதுதான் தப்பு."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றான் ஹமீர். "எந்த மாமியா ஒத்துக்குவா? அந்தா நிக்குறாங்க பீடாசர் குவர். அவங்களைக் கேளு!"

எல்லாத் தலையும் திரும்பியது. குவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை 'மாட்டேன்' என்றால் போதும், ஜீவியின் கதை அங்கேயே முடிந்தது. பர்மி அம்மாவுக்குப் பின்னால் நின்று, சோடாபுட்டிக் கண்ணாடி வழியே யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்குள்ள ஒருத்தி வரணும்," என்றாள் குவர். "வெளியே ஒருத்தி போவணும். ரெண்டு பேரும் இந்த ஊசி முனையிலதான் நிக்கிறாங்க. எல்லாரும் ஒண்ணா விட்டா நானும் விடுறேன். ஒருத்தராவது வச்சுக்கிட்டா நானும் வச்சுக்குவேன்."

பிறகு ஆளாளுக்குப் பேச்சு. கத்தல், கோபம், டீ, மறுபடி கத்தல். பிற்பகலில் வெயில் சாய்ந்த பிறகு நாக்ஜி பாபா கையை உயர்த்தினார். பூவேலை இனிமேல் செய்வதில்லை, கேட்பதில்லை, உடுப்பதில்லை. மீறினால் தண்டம். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பாபா மண்ணில் கிடந்த பாவாடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆனா வர்ஜு, ஒரு விஷயம்," என்றார். "உன் கை இந்தச் சாதிக்கே பெருமை. உனக்கு மட்டும் இந்தக் கட்டு வேணாம். நீ உம்பாட்டுக்குத் தைச்சுக்க. யாரும் கேக்கமாட்டாங்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஹமீர்கூட ஆட்டினான்.

உண்மையைச் சொன்னால், வர்ஜுவுக்கு ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்ற நாட்களிலும் புருஷன் மந்தையோடு போன மாதங்களிலும் அவளைத் தாங்கிப் பிடித்தது அந்த ஊசிதான். அது இல்லாமல் ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தைத்து முடிக்க வேண்டிய மயில்கள் இன்னும் மனசுக்குள் வரிசையாக நின்றன.

"வேணாம் பாபா," என்றாள். "ஒட்டகம் மூக்கை மட்டும்தான் நுழைக்கக் கேக்கும். அப்புறம் கூடாரத்துல நமக்கு இடமிருக்காது. நான் தைச்சா 'வர்ஜு மட்டும் தைக்கலாமா'ன்னு எவளாவது ஒருத்தி கேப்பா. மறுவருஷம் எல்லாரும் தைப்பாங்க. அந்தக் கட்டுல முதல் பேரு என் பேரா இருக்கட்டும்."

பாவாடையை உதறி மடித்தாள். வீட்டுக்குப் போய்க் கம்புக் குதிருக்கு அடியில் போட்டாள். எலி கடித்தால் கடிக்கட்டும். ஊசிகளை மட்டும் எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜீவி வந்து வாங்கிக்கொண்டாள். "எங்கிட்ட குடுங்கம்மா. முள்ளு கிழிச்ச ஒட்டகத்துக்குத் தையல் போடறதுக்கு இதைவிட நல்ல ஊசி கிடைக்காது."

"என் ஊசி ஒட்டகத்துத் தோலுக்கா!"

"ஒட்டகம் முதுகைத் திருப்பிப் பாத்துக் குறை சொல்லாதும்மா." வர்ஜு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள்.

மழை நின்றதும் ரண்மல் வந்தான். கூடவே குவரும் அவள் வீட்டுப் பெண்களும். ஜீவி கறுப்புப் பாவாடை கட்டியிருந்தாள், ஓரத்தில் சந்தையில் வாங்கிய ஜிகினா நாடா. வர்ஜுவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெற்ற மகளை இப்படி ஒரு நாடாவைச் சுற்றி அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று மனசு ஒரு பாட்டம் புழுங்கியது. ஆனால் அந்த நாடாவுக்கு மேலே ஜீவியின் முகம் இருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வர்ஜு எந்தக் கண்ணாடிச் சில்லிலும் கண்டதில்லை.

வண்டியில் ஏறக் காலை வைத்தபோது ஜீவியின் ரவிக்கைக் கயிறு, தைத்த இடத்திலிருந்து பட்டென்று அறுந்தது. வர்ஜுவின் கை, யோசிக்காமல், தன் முக்காட்டின் ஓரத்துக்குப் போனது. கல்யாணமான நாள் முதல் அங்கே ஒரு ஊசி குத்தியிருக்கும். விரல்கள் வெறும் கம்பளியைத் தடவின. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். கிழிசல் தைப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. இருந்தாலும், ஊசி வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தன் கையை அவளுக்குத் தெரியும்.

குவர் தன் வளையலில் மாட்டியிருந்த சேப்டி பின்னைக் கழற்றி நீட்டினாள். "இந்தா சம்பந்தி. இதுக்கு எந்தப் பஞ்சாயத்தும் தண்டம் போடாது."

வட்டாரத்திலேயே முதல் தையல்காரி, மகளுடைய ரவிக்கைக்குச் சேப்டி பின் குத்தி அனுப்பி வைத்தாள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறவரை கையை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

பர்மி போனது தீபாவளிக்குப் பிறகு. வர்ஜுவையும் வரச்சொல்லிக் குவர் ஆள் அனுப்பியிருந்தாள். பர்மிக்கும் அதே கறுப்புப் பாவாடை, அதே ஜிகினா நாடா. கையில் ஊசிக் காயம் ஆறியிருந்தது. மாமியார் வீட்டார் வாசலில் டிராக்டரோடு நின்றார்கள்.

கிளம்புகிற நேரத்தில் குவர் மகளின் முன்னால் குனிந்தாள். பாவாடையின் ஓரத்தைப் பிடித்து, சீர் பார்க்கிற மாமியார் போல, மெதுவாக உட்புறம் திருப்பினாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தையல் இயந்திரம் ஓட்டிய ஒற்றைக் கோடு மட்டும் இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் என்ன சொல்லப்போகிறாளோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

குவர் நிமிர்ந்து கூட்டத்தில் வர்ஜுவைத் தேடினாள். கண்டதும், எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"வர்ஜு கை."